மிஸ்டர் லம் தந்த கறுப்பு ஜெலி

பித்தப்பையில் கல் வந்தால் என்னென்ன நடக்கும், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடக்கவேண்டும், என்னென்ன கேள்வி கேட்பார்கள் என்று எழுதித் தரும்படி சூசை அண்ணை இரண்டு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். ஒக்லண்டில் இருக்கும் நம் ஆட்களுக்காக அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ரோணியோ மெஷினில் பிரதி அடித்துத் தபாலில் அனுப்பும் பத்திரிகைக்கு விஷயம் போதவில்லையாம். "கவிதை வேண்டாம் தம்பி. கவிதை பெட்டி நிறையக் கிடக்கு. ஆக்களுக்கு உதவுற மாதிரி ஒண்டு எழுதித் தாரும்" என்றார்.

உதவுகிற பகுதியை முதலில் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு வருவது யாருக்கு உதவும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்களே போதும்.

எனக்கு வயது நாற்பத்தொன்று. எண்பத்துமூன்றுக்குப் பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட்டு, இரண்டு மூன்று இடம் அலைந்து, நானும் மனைவி ராணியும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஊரில் நான் கணித வாத்தியார். இங்கே மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையில், வந்து இறங்கும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சீட்டு ஒட்டுகிற வேலை. நாங்கள் இருவரும் பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாட்டுக்காரர். முட்டைகூடத் தொடுவதில்லை.

வலி முதன்முதலில் வந்தது ஒரு பிறந்தநாள் வீட்டில். ஆறு உளுந்து வடை சாப்பிட்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுப் பக்கம் தோள்மூட்டு வரைக்கும் போயிற்று. நான் அதை வாயு என்றேன். ராணியும் வாயு என்றாள். வந்திருந்தவர்கள் எல்லாருமே வாயு என்றார்கள். ஓமம், இஞ்சி, பெருங்காயம் என்று மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நிற்கும்போது ராணி என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. இண்டைக்கு வேலைக்குப் போகேலாது."

குடும்ப டொக்டர் வயிற்றை ஒரு இடத்தில் அழுத்தினார். நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். அங்கே காத்திருக்கும் அறையில் நான்கு மணித்தியாலம். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், பிறகு இருட்டறை ஒன்றில் படுக்க வைத்து வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி ஒரு கருவியை வைத்து உருட்டினார்கள். அதற்கு அல்ட்ராசவுண்ட் என்று பெயர். ஒலியை உள்ளே அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துப் படம் எடுக்கிறார்கள், நோவு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். படத்தைக் காட்டினார்கள். எனக்கு மழை பெய்கிற மாதிரித் தெரிந்தது. அந்தப் பெண் அதற்குள் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கல் எண்ணினாள்.

பித்தப்பை என்பது ஈரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பை. ஈரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்திருந்து, எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே போகும்போது சுருங்கி வெளியே விடும். அந்த நீர் தடித்துக் கட்டிப்பட்டால் கல். கல் உள்ளே சும்மா கிடந்தால் பாதகமில்லை. வெளியே வரப்பார்த்துக் குழாயில் சிக்கினால்தான் வலியும் மஞ்சளும் காய்ச்சலும். எனக்கு மூன்றும் இருந்தன. பையைக் கல்லோடு வெட்டி எடுக்கவேண்டும், ஆனால் முதலில் காய்ச்சல் அடங்கவேண்டும், அதுவரை வார்டில் படுத்திருங்கள் என்றார்கள். பை இல்லாமல் ஒரு மனிதன் சீவிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார் சத்திர வைத்தியர். அப்போதும் நான் ராணியைத்தான் நினைத்தேன். அவளுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. பஸ் நம்பர்கூட நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பில்லைப் பற்றிக் கேட்பீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்று வரவே இல்லை. வரும் வரும் என்று ராணி வீட்டில் தபால் பெட்டியைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தாள். அதுவும் உங்களுக்கு உதவக்கூடிய தகவல்.

எங்கள் அறையில் நான்கு கட்டில்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மிஸ்டர் லம். சீனர். எழுபதைத் தாண்டியவர். ஒக்லண்டுக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட மனிதர். கைவிரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். வயிற்றில் புற்று வந்து பாதிக்கு மேல் வெட்டி எடுத்திருந்தார்கள். வார்டில் கொடுத்த மசித்த உருளைக்கிழங்கையும் ஆட்டிறைச்சிக் குழம்பையும் பார்த்தாலே கையை ஆட்டி எடுத்துப்போகச் சொல்வார். அவருடைய ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்கு மேல் போகாது. என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அது அவருக்கு விளங்காது. ஆங்கிலத்தில் நடந்த பேச்சை எல்லாம் இங்கே தமிழிலேயே தருகிறேன்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்கு மணிக்கு அவருடைய மனைவியும் மகள் ஜூனும் வருவார்கள். மிஸிஸ் லம்முக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வாய் அகன்ற சுடுதண்ணிப் போத்தல் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்து கறுப்பான ஜெலியைக் கோப்பையில் கவிழ்த்து, மேலே சீனிப்பாணி விட்டு, அவர் வாயில் கரண்டி கரண்டியாக வைப்பார். மிஸ்டர் லம் சண்டை பிடிக்காமல் விழுங்கிய ஒரே சாப்பாடு அதுதான். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். மனைவி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன அது?" என்று ஜூனிடம் கேட்டேன்.

"அப்பாவுக்கு மருந்து, எனக்கு டெசர்ட்" என்றார். "வேரும் பூவும் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சுவது. உடம்புச் சூட்டைத் தணிக்கும். சின்ன வயதில் சீனிப்பாணி இரண்டு மடங்கு விட்டால்தான் தொடுவேன்."

உடம்புச் சூடு என்று ஆஸ்பத்திரிக்குள் ஒரு ஆள் சொல்லக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வந்த நாளிலிருந்து நான் அதைத்தான் டொக்டர்மாருக்கு விளங்கப்படுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மிஸ்டர் லம் தானே எனக்கு ஒரு கரண்டி நீட்டினார். முதலில் கசப்பு, பிறகு ஒரு குளிர்மை. பறங்கிப்பட்டைக் கஷாயத்தைக் கடற்பாசி போட்டு இறுக வைத்த மாதிரி இருந்தது. காய்ச்சலில் வறண்டுபோன வாய்க்கு அது அமிர்தம்.

அவர் என் தட்டில் இருந்த பட்டாணியையும் பாண் துண்டுகளையும் காட்டி, "நீ, இறைச்சி இல்லை?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஜெலியைக் காட்டி, "இதில் உள்ளே இருக்கு…" என்று தொடங்கினார். நான் மறித்து, "மருந்து, மருந்து, நல்லது" என்று சொல்லிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் விடவேண்டி வந்துவிடுமோ என்று பயம். கேட்காமல் விட்டால் பாவம் இல்லை என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்.

காய்ச்சல் இறங்கியது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு ஒப்பரேஷன் என்றார்கள். அன்று விடியக்காலையிலிருந்து வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட இல்லை என்று நேர்ஸ் சொல்லி, கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டையையும் தொங்கவிட்டார். விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். கேட்டால் விளங்கியது என்று சொல்வது நம் ஆட்களின் பழக்கம்.

எனக்கு விளங்கியது இதுதான்: விரதம். எங்கள் வீட்டில் விரதம் என்றால் சோறு இல்லை என்று அர்த்தம். ராணி கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிப்பவள். அவளுக்குப் பால் உண்டு, பழம் உண்டு, இளநீர் கிடைத்தால் அதுவும் உண்டு. காய்ச்சல் வந்தால் குளிசை போடுவாள். மருந்தால் விரதம் முறியும் என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை. இவர்கள் எதற்காகப் பட்டினி போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரிய காரியத்துக்கு முன்னால் சுத்தமாக இருப்பது நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன்.

காலை பத்து மணிக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. மிஸ்டர் லம்மின் போத்தலில் முதல் நாள் ஜெலி மிச்சம் இருந்தது தெரியும்.

"மிஸ்டர் லம், கொஞ்சம் ஜெலி" என்றேன்.

அவர் என் தலைமாட்டு அட்டையைக் காட்டினார். "இல்லை. டொக்டர், ஒன்றும் இல்லை."

"அது சாப்பாட்டுக்கு. இது மருந்து."

அவர் யோசித்தார். "டொக்டரைக் கேள்."

"கேட்டுவிட்டேன். சரி என்றார்" என்றேன்.

அது முதல் பொய். பொய் என்றுகூட எனக்கு அப்போது படவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணம். அவர் மெதுவாகப் போத்தலைத் திறந்து கோப்பையில் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். நான் முழுவதையும் சாப்பிட்டேன். பாணி இல்லாமலே சாப்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். நெட்டையான மனிதர், நல்ல பகிடிக்காரர். ராணியும் அப்போது வந்திருந்தாள். சூசை அண்ணை வேலைக்கு நடுவில் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். டொக்டர் கட்டில் ஓரத்தில் இருந்து பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? நேற்று இரவு. கட்டுப்பல் உண்டா? இல்லை. மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?

"இன்றைக்குக் காலையில் எடுத்தேன்" என்று நான் கோப்பையைக் காட்டினேன்.

அவர் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். மணந்து பார்த்தார். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். பிறகு பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"இன்று ஒப்பரேஷன் இல்லை" என்றார்.

இதை மட்டும் நன்றாக வாசியுங்கள், இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உதவுவது வேறெதுவும் இல்லை என்றாலும் இது உதவும். மயக்க மருந்து கொடுத்தால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது. வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி வந்தால் இருமி வெளியே தள்ள முடியாது. அது சுவாசப்பைக்குள் இறங்கும். ஆள் மேசையிலேயே போய்விடலாம். அதற்காகத்தான் பட்டினி. அதற்குச் சாமியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. மருந்து, பால், பழம், கோப்பி என்ற வித்தியாசமும் இல்லை. அவர் பகிடி ஒன்றும் விடாமல் இதைச் சொன்னார். ராணி என் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ, முகம் வெளுத்துப்போயிற்று.

தலைமை நேர்ஸ் வந்தார். "இதை உங்களுக்கு யார் தந்தது?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் இருநூறு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாதவனைப் பார்ப்பது மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

"அவர் தந்தார். பரவாயில்லை, சாப்பிடு என்றார். எனக்குத் தெரியாது."

தலைமை நேர்ஸ் அந்தப் பக்கம் திரும்பி, "நீங்கள் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

மிஸ்டர் லம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "ஓம். நான் கொடுத்தது" என்றார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஆங்கிலம் இருக்கவில்லை என்று நான் பல நாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு ஜூனும் தாயாரும் வந்தபோது தலைமை நேர்ஸ் அவர்களை நிறுத்தி, அந்த ஜெலியில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டார். என் நோய்க் குறிப்பில் எழுதவேண்டுமாம். ஜூன் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வேர், ஒரு பூ, இன்னொரு கிழங்கு. கடைசியில், "ஆமை ஓடு. தூளாக்கிக் காய்ச்சுவது. அதில்தான் இறுகும்."

ராணிக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாயில் கையை வைத்தாள்.

"ஆமையோ? ஆமையையோ சாப்பிட்டனீங்கள்?"

"எனக்குத் தெரியாது ராணி. அந்த மனுசன் சொல்லேல்லை."

"நீங்கள் கேட்டு வாங்கினதோ, அவராத் தந்ததோ?"

"அவராத்தான் தந்தது."

எனக்கு உண்மையாகவே வயிற்றைப் பிரட்டியது. ஆமை என்று கேட்கும்வரை பிரட்டாத வயிறு. ஆனால் நான் தலைமை நேர்ஸிடம், "காலையில் அதைச் சாப்பிட்டதிலிருந்தே எனக்கு வயிறு சரியில்லை" என்றேன். ராணியின் முன்னால் என்னைக் கொஞ்சமாவது நியாயப்படுத்திக்கொள்ள அந்த நேரம் எனக்கு அது தேவைப்பட்டது. அந்த ஒரு வசனத்தை நான் சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையைப் பித்தப்பையோடு முடித்திருப்பேன்.

ஜூன் நான் சொன்னதைத் தாயாருக்குச் சீன மொழியில் சொன்னார். மிஸிஸ் லம் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு தரம் குனிந்து ஏதோ சொன்னார். அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்றார் ஜூன். பரவாயில்லை என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன்.

அந்த அறைக்கு வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று அன்றே உத்தரவு வந்தது. மிஸ்டர் லம் புதன்கிழமை ஒன்றும் சாப்பிடவில்லை. தேநீரில் இரண்டு மிடறு குடித்தார். எனக்கு வெள்ளிக்கிழமை என்று வேறு நாள் குறித்துவிட்டார்கள். அதுவரைக்கும் எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு சின்ன அலுமாரிதான். நான் செய்யவேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். மணியை அடித்துத் தலைமை நேர்ஸைக் கூப்பிட்டு, நான்தான் கேட்டு வாங்கினேன், அவர் வேண்டாம் என்றார், வயிற்றுக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவேண்டும். மூன்று வசனம். மூன்று நாளும் அந்த மூன்று வசனத்தையும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வியாழக்கிழமை தலைமை நேர்ஸே இரங்கி வந்தார். உங்கள் அப்பாவுக்கு மட்டும் நீங்கள் என்ன வேண்டுமானாலும் கொண்டுவரலாம், பக்கத்தில் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஜூனிடம் சொன்னார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தடை போய்விட்டது, இனி நான் வாய் திறக்கத் தேவையில்லை. அன்று பின்னேரம் மிஸிஸ் லம் போத்தலைத் திறந்தார். உள்ளே கோழி ரசம் மாதிரி ஒன்று இருந்தது, ஜெலி இல்லை. மிஸ்டர் லம் போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். மனைவியிடம் ஏதோ கேட்டார். மனைவி இல்லை என்று தலையை ஆட்டினார். ரசத்தில் மூன்று கரண்டி போயிற்று, அவ்வளவுதான். அவருக்கு ஜெலி அலுத்துவிட்டதாக்கும் என்று நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. பக்கத்தில் ஒரு குழாய் போட்டு, கசியும் பித்தநீரை ஒரு பையில் பிடித்தார்கள். இருமச் சொல்வார்கள், இருமினால் உயிர் போகும், தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் பாதி உயிர்தான் போகும். டொக்டர்மார் காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி காற்றுப் பிரிந்ததா என்பது. குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அது அடையாளம். அதை என்னிடம் அவ்வளவு மரியாதையாக வேறு எவரும் கேட்டதில்லை. எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். சூசை அண்ணை அதை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ராணி இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு நாளும் வந்தாள். எண்ணெய் இல்லாத சாப்பாடு என்றால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பச்சையரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொண்டுவருவாள். என் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவாள். மிஸிஸ் லம்முக்குத் தன் கதிரையைக் கொடுத்துவிட்டுத் தான் கட்டில் ஓரத்தில் இருப்பாள், ஆனால் மிஸ்டர் லம்மின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள்.

திங்கட்கிழமை மிஸ்டர் லம்மை வேறு மாடிக்கு மாற்றினார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். என் கால்மாட்டைத் தாண்டும்போது அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன். கண்ணை முழுவதும் மூடவில்லை, அதனால்தான் கை உயர்ந்தது தெரியும்.

வீட்டுக்கு வந்து ஆறு கிழமை ஓய்வு. ஓய்வில் இருப்பவனுக்கு யோசிக்கத்தான் வேலை. ஒரு நாள் ராணி வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"வெக்கம்."

"வெக்கமோ. அந்த மனுசன் உங்களுக்குக் கள்ளமா ஆமை தீத்தினதெண்டு நான் ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள திட்டினனான். அவை ரெண்டு பேரும் வயசு போன ஆக்கள். எனக்கு முன்னால அந்தப் பொம்பிளை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டவ." வெண்டிக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "போய்ச் சொல்லுங்கோ. ஆமை சாப்பிட்ட பாவம் குளிச்சாப் போயிடும். இது போகாது."

அதற்குப் பிறகும் நான் ஒன்றரை மாதம் இழுத்தடித்தேன். வேலைக்குத் திரும்பவேண்டும், மழை, கார் இல்லை, ஆள் எந்த வார்டில் என்று தெரியாது. கடைசியில் சூசை அண்ணைதான் ஒரு சனிக்கிழமை காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். ராணி அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

புக்கெகோஹியில் லம் என்று கேட்டபோது வெங்காயம் பொதி செய்யும் கொட்டகை ஒன்றில் வழி காட்டினார்கள். சிவப்பு மண் ரோட்டின் முடிவில் தகரக் கூரை போட்ட வீடு. ஜூன் ரப்பர் சப்பாத்தோடு முற்றத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அப்பா போய் ஒரு மாதமாகிறது" என்றார்.

சூசை அண்ணை தொப்பியைக் கழற்றினார். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அந்த நினைப்பு வந்ததையும் எழுதத்தான் வேண்டும். செத்த வீட்டில் போய் இதைச் சொல்வதா, யாருக்கு இதனால் என்ன நன்மை என்று நியாயங்கள் வரிசையாக வந்தன. அதற்குள் மிஸிஸ் லம் வெளியே வந்துவிட்டார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, அன்று குனிந்தது போலவே குனிந்தார். என் வயிற்றைக் காட்டி ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு இப்போது சுகமா என்று கேட்கிறார்" என்றார் ஜூன்.

நான் சொல்லத் தொடங்கினேன். நின்றபடியே சொன்னேன். கேட்டு வாங்கியது நான். உங்கள் அப்பா அட்டையைக் காட்டி வேண்டாம் என்றார். டொக்டரைக் கேள் என்றார். கேட்டுவிட்டேன் என்று நான் பொய் சொன்னேன். பிறகு பழியை அவர் மேல் போட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னதும் பொய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் சொல்லிப் பார்த்த வசனங்கள் என்றபடியால் பிழையில்லாமல் வந்தன.

ஜூன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தாயாரின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். நிறைய நேரம் எடுத்தது. மிஸிஸ் லம் இடையில் ஒரு இடத்தில் கையை நீட்டி மகளை நிறுத்தி, அந்த இடத்தைத் திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு என்னிடம் நேராக ஏதோ கேட்டார்.

"அப்படியென்றால் ஜெலியில் பிழை ஒன்றும் இருக்கவில்லையா என்று கேட்கிறார்."

"இல்லை" என்றேன். "ஒரு பிழையும் இல்லை. அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது."

ஜூன் அதைச் சொன்னார். மிஸிஸ் லம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்தபடி சின்னக் குரலில் ஒன்று சொன்னார். ஜூன் அதை எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் கேட்டேன்.

"வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அப்பா அந்த ஜெலியைத்தான் கேட்டார்" என்றார் ஜூன். "கடைசி நாளும் கேட்டார். உங்கள் வயிற்றுக்கு நடந்தது அவருக்கும் நடந்துவிடும் என்று பயந்து அம்மா செய்து கொடுக்கவில்லை."